கடைசி இலக்கம்

ஆகஸ்ட் 11, திங்கள். கோபிசெட்டிபாளையம்

நேற்றுக் காலை பத்தரைக்குப் பெண் குழந்தை. முப்பத்தோராவது வாரம். எனக்குப் பிரஷர் எகிறிவிட்டது, இனிப் பொறுக்க முடியாது என்று ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். துண்டுச்சீட்டில் 1.26 கிலோ என்று எழுதி, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, ஆம்புலன்சில் ஈரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கான வார்டு அங்கேதான் இருக்கிறது. நான் பார்த்தது ஒரு பாதமும் ஒரு பச்சைத் துணியும் மட்டும்.

பிரஷர் இறங்கும்வரை நான் கட்டிலைவிட்டு அசையக் கூடாதாம். இவர் அங்கே, நான் இங்கே. நடுவில் முப்பத்தைந்து கிலோமீட்டர்.

மாலையில் இவர் போன் செய்தார். பாப்பா எடை என்ன என்று கேட்டேன். "ஒண்ணேகால் கிலோ இருக்கும் புள்ள" என்றார். இருக்கும் என்றால் என்ன அர்த்தம்? இவர் கல்யாணச் சமையல் மாஸ்டர். ஆயிரம் பேருக்கு வைக்கிற சாம்பாருக்கு உப்பைக் கையால் அள்ளிப் போடுவார். பத்து நிமிடத்தில் வருகிறேன் என்றால் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். நான் தராசு பழுதுபார்க்கும் கம்பெனியில் பதினோரு வருடமாக அளவுச் சோதனை பார்ப்பவள். மளிகைக் கடைத் தராசு ஐந்து கிராம் ஏய்த்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். சென்னியப்பனுக்கும் தமயந்திக்கும் எந்த ஜோசியர் பொருத்தம் பார்த்தார் என்று இரண்டு பக்கத்துச் சொந்தமும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

கத்திவிட்டேன். நாளையிலிருந்து புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வரவே வேண்டாம் என்றேன். சரி என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

1.263.

பதினோரு மணிக்கு இவர் ஐஸ் பெட்டியோடு வந்தார். இனித் தினமும் இப்படித்தான். காலையில் ஈரோட்டில் எடை போட்டதும் பஸ் ஏறி வருவார், நான் எடுத்து வைத்திருக்கும் பாலை வாங்கிக்கொண்டு திரும்பிப் போவார். இன்றைக்கு நான் எடுத்தது நான்கு மில்லி. சிரிஞ்சில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன். எண்ணெய் மாதிரி மஞ்சளாக இருந்தது.

எடையைக் கேட்டேன். இரண்டு தடவை கேட்ட பிறகுதான் சொன்னார். சொல்லும்போது ஐஸ் பெட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். மூன்று இலக்கமும் சரியாக வந்தது. இந்த மனிதரைத் திருத்த முடியும் போலிருக்கிறது.

பிரசவ அறைச் சீட்டில் 1.26 என்றுதான் இருக்கிறது. 1.260 என்று இல்லை. எல்லோரும் இரண்டும் ஒன்றுதானே என்பார்கள். ஒன்றில்லை. 1.26 என்றால் பத்து கிராம் வரை பார்த்திருக்கிறார்கள். 1.260 என்றால் கிராம் வரை பார்த்தோம் என்று பொருள். கடைசியில் வரும் அந்தச் சுழியம் அழகுக்குப் போடுவதல்ல. அளந்து பார்த்தேன் என்று அளந்தவன் கொடுக்கும் வாக்கு அது. பள்ளிப் புத்தகத்தில் 'முக்கிய எண்ணுருக்கள்' என்று ஒரு பாடம் வரும். எதை அளந்து தெரிந்துகொண்டாயோ அத்தனை இலக்கம்தான் எழுத வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எனக்குச் சோறு போடுவதே அந்த ஒரு பாடம்தான்.

ஆகஸ்ட் 13, புதன்

1.268. பால் ஏழு மில்லி. தையல் வலிக்கிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

1.274.

இங்கிருக்கும் நர்ஸ் பெண், முதல் வாரம் எல்லாக் குழந்தையும் எடை இறங்கும், குறைமாதக் குழந்தை இன்னும் அதிகமாக இறங்கும், பயப்படாதீர்கள் என்றாள். எங்கள் பாப்பா இறங்கவே இல்லை என்று சொல்லி நோட்டைக் காட்டினேன். அவள் நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ரொம்ப நல்லதுங்க்கா என்று சொல்லிவிட்டுப் பிரஷர் பட்டையைச் சுருட்டிக்கொண்டு போனாள்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். பால் பதினைந்து மில்லி.

ஆகஸ்ட் 15, வெள்ளி

1.281. வார்டில் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். இவருக்கு ஒன்று எடுத்து வைத்தேன். சாப்பிடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

1.296. நேற்று 1.287.

ஆவணி பிறந்துவிட்டது. இந்த மாதம் இவருக்கு நிற்க நேரம் இருக்காது. இன்றைய முகூர்த்தத்துக்குச் சமையலைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டாராம். போகலாமே, ஒரு நாள்தானே என்றேன். பாப்பாவின் பாலை வேறொருவர் கையில் கொடுத்தனுப்ப மாட்டேன் என்றார்.

ஆள் பாதியாகிவிட்டார். கன்னம் ஒட்டிக் கிடக்கிறது. பாப்பா ஏற ஏற இவர் இறங்குகிறார். சமையல்காரர் சாப்பிடாமல் இருந்தால் ஊர் சிரிக்கும் என்று சொன்னேன். சிரித்தார். பிறகு பாப்பாவுக்கு இமையில் மயிர் முளைத்திருக்கிறது, எண்ணிவிடலாம், அவ்வளவுதான் இருக்கிறது என்றார். எடையைச் சொல்லும்போது பார்க்காத கண், இதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தது.

பால் முப்பது மில்லி.

ஆகஸ்ட் 18, திங்கள்

1.302. பால் நாற்பத்தைந்து.

பாட்டிலில் பத்து மில்லிக்கு ஒரு கோடு. பால் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் நின்றது, அதனால் நாற்பத்தைந்து. இதில் நான்கு நிச்சயம், ஐந்து என் கண் சொல்வது. அளந்த எந்த எண்ணிலும் கடைசி இலக்கம் கொஞ்சம் சந்தேகமானதுதான். அதற்காக அதை எழுதாமல் விடக் கூடாது. அதற்கு மேல் இன்னொன்றை எழுதவும் கூடாது. கம்பெனிக்கு வருகிற புதுப் பையன்களுக்கு இதைப் புரியவைக்கவே ஆறு மாதம் ஆகும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

1.308.

நாளை டிஸ்சார்ஜ். நேராக ஈரோடு. ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் இவர் ஓர் அறை பிடித்திருக்கிறார்.

பொழுது போகாமல் கணக்குப் போட்டேன். 12-ஆம் தேதி 1.263, இன்று 1.308. கழித்தால் 45 கிராம். ஏழு நாள். கால்குலேட்டர் 6.4285714 என்கிறது. அது வாய்க்கு வந்ததைச் சொல்லும். நாள் எண்ணிச் சொல்வது, அதில் பிழை கிடையாது. எடை அளந்து சொல்வது. கழித்து மிஞ்சிய 45-இல் இருப்பது இரண்டே இலக்கம், ஆகவே விடையிலும் இரண்டுதான் எழுதலாம். நாளொன்றுக்கு 6.4 கிராம். அடியில் இரட்டைக் கோடு போட்டேன்.

இவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். நாளைக்குத்தான் வர வேண்டுமா, இன்னும் இரண்டு நாள் இங்கேயே படுத்திருக்கலாமே என்றார். எனக்குப் பொக்கென்று போய்விட்டது. பெற்றவள் பிள்ளையைப் பார்க்க வேண்டாமா?

ஆகஸ்ட் 20, புதன். ஈரோடு

கை கழுவச் சொன்னார்கள். முழங்கை வரை, இரண்டு நிமிடம். பச்சைக் கவுன், தொப்பி, வேறு செருப்பு. உள்ளே போனேன்.

ரெஜினா சிஸ்டர் என்பவர்தான் பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறவர். நாற்பது வயதிருக்கும், மெல்லப் பேசுகிறார். நீங்கதானுங்களா பால்காரம்மா என்று கேட்டார். உங்க வீட்டுக்காரர் பாலைக் கொண்டுவந்து தருவதைப் பார்த்தால் கோயிலுக்கு அபிஷேகத்துக்குக் கொடுப்பது மாதிரி இருக்கும் என்றார். பிறகு பெட்டியைத் திறந்தார்.

என் கையைவிடக் கொஞ்சம் நீளம். மூக்கில் குழாய். தோல் தளர்ந்து மடிந்து கிடந்தது. தோள் என்னுடையது, கால் விரல் இவருடையது. நான் தொடவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

எடை போடும் நேரம் என்றார் சிஸ்டர். பாப்பாவைத் தூக்கித் தராசில் படுக்க வைத்தார். எண்கள் சிவப்பாக ஓடின. பாப்பா கால் உதைத்தபோது 1.165, 1.175, 1.160. அமைதியானதும் நின்றது.

1.170.

இன்னொரு தடவை போடச் சொன்னேன். 1.170. தராசு சரியில்லை என்றேன். போன மாதம்தான் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று முத்திரையைக் காட்டினார். முத்திரை சரியாக இருந்தது. பக்கத்தில் சின்னத் தகடு. ஐந்து கிராமுக்கு ஒரு படி என்று எழுதியிருந்தது. அந்தத் தகட்டை நான் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

பெட்டியின் தலைமாட்டில் பாப்பாவின் அட்டை தொங்கியது. 11: 1.230. 12: 1.195. 13: 1.160. 14: 1.135. 15: 1.120. 16: 1.120. அங்கே நின்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தது.

சிஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இறங்கி ஏறுவது சகஜம் என்றார். இரண்டு நாள் தூக்கம் இல்லாமல் பார்த்தோம், இப்போது நன்றாக இருக்கிறாள் என்றார்.

வெளியே மாடிப்படியில் இவர் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"மாமா, அந்தத் தராசுல கடைசி நம்பர் சைபர் வரும், இல்லீனா அஞ்சு வரும். வேற வராது. மூணு, ஏழு, எட்டெல்லாம் எங்கிருந்து வந்துச்சு?"

ஐஸ் பெட்டியின் மூடியைத் திருகினார். பிறகு, "ரவுண்டாச் சொன்னா நீ கண்டுபுடிச்சிருவீன்னு நெனச்சேன். அதான் சைபரும் அஞ்சும் வராமப் பாத்துப் பாத்துச் சொன்னேன்" என்றார்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். இவர் பொருந்தச் சொல்லப் போய்த்தான் மாட்டிக்கொண்டார்.

முதல் நாள் சிஸ்டரிடம் கேட்டபோது 1.195 என்றார்களாம். பஸ்ஸில் வரும்போது அதை எப்படிச் சொல்வது என்று பழகிக்கொண்டே வந்தாராம். "நாலு மில்லிய வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுக்கிட்டு நீ சிரிச்ச. அந்த மூஞ்சியப் பாத்து நான் எப்படிச் சொல்லுவேன்? நீ ஒடஞ்சு போயி பாலும் நின்னு போச்சுன்னா, அதுக்கு அப்பறம் பாப்பாவுக்கு என்னத்தக் கொண்டு போவேன்?"

எனக்கு இரக்கம் வரவில்லை. பாப்பா போயிருந்தால் அன்றைக்கும் மூன்று இலக்கம் சொல்லியிருப்பீர்களா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இவர் ஐஸ் பெட்டியைப் படியில் வைத்தார். துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதார். பன்னிரண்டு வருடத்தில் நான் பார்த்ததில்லை.

நான் ஒரு படி கீழே தள்ளி உட்கார்ந்தேன். பக்கத்தில் உட்காரவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

1.180. நானே பார்த்தது.

உண்மையை எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை வேறு யாரும் படிக்கப் போவதில்லை.

குழந்தைத் தராசு ஐந்து ஐந்தாகத்தான் நகரும் என்பது எனக்கு நேற்றுத் தெரிந்ததல்ல. இந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்படி இருபது தராசாவது என் கை வழியே போயிருக்கும். 12-ஆம் தேதி இவர் 1.263 என்று சொன்ன நிமிடமே எனக்குத் தெரியும். தெரிந்ததை நான் தெரிந்துகொள்ளவில்லை. பேனா எழுதிக்கொண்டே போயிற்று. எட்டு நாள், எட்டு எண்கள், ஒன்றில்கூடச் சுழியமோ ஐந்தோ கடைசியில் இல்லை. அந்தப் பொய் எண்களைக் கழித்து, வகுத்து, இத்தனை இலக்கம்தான் எழுதலாம் என்று நியாயம் பேசி, இரட்டைக் கோடு வேறு போட்டிருக்கிறேன்.

அந்த எண்கள் எனக்கு வேண்டியிருந்தன. இவர் சொன்னார், நான் வாங்கிக்கொண்டேன். இதை இவரிடம் சொல்ல வேண்டும். இன்றைக்குச் சொல்லவில்லை. இன்றைக்குப் பேசவே இல்லை. இட்லி வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

1.195.

சிஸ்டர் பாப்பாவை என் நெஞ்சின்மேல் போட்டுக் கட்டிவிட்டார். வேண்டாம், கீழே விழுந்துவிடுவாள் என்றேன். கங்காருக் குட்டி விழுதா பாருங்க என்றார். பெட்டியைவிட அம்மா நெஞ்சுதான் சூடு சரியாகப் பிடிக்குமாம்.

இரண்டு மணி நேரம். கனமே தெரியவில்லை. என் கையில் தினம் தினம் எடைக்கற்கள் ஏறி இறங்குகின்றன, ஒரு கிலோ எப்படி இருக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இது ஒரு கிலோ போலவே இல்லை. பாதி நேரம் பயம், பிறகு பயம் போய்விட்டது. காது என் தாலிக்கொடியில் ஒட்டிக்கொண்டு மடிந்திருந்தது. எடுத்துவிட்டேன். நான் முதலில் தொட்டது அந்தக் காதுதான்.

வெளியே வந்து இவரிடம், நீங்களும் போட்டுக்கொள்ளலாமாம், அப்பாக்களும் செய்யலாமாம் என்று சொன்னேன். சட்டைப் பொத்தானை அங்கேயே கழற்ற ஆரம்பித்துவிட்டார். நேரம் நாளைக்குத்தான் என்றேன்.

ஆகஸ்ட் 23, சனி

1.205.

இவர் நெஞ்சில் முடி. பாப்பா அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வலிக்குது, ஆனா இருக்கட்டும் என்று ஜாடையில் சொன்னார்.

இரவுச் சாப்பாட்டின்போது சொல்லிவிட்டேன். எனக்கு முதல் நாளே தெரியும் என்று. இவர் தோசையைப் பிட்டபடியே இருந்தார். "அப்ப ஏன் கேக்கல?" என்றார். "கேட்டா நீங்க சொல்லியிருப்பீங்களே" என்றேன். சட்னியை என் பக்கம் நகர்த்தினார். மனசு கொஞ்சம் லேசானது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

1.220.

மத்தியானத்திலிருந்து தொண்டை கரகரப்பு. சாயங்காலம் காய்ச்சல். மூக்கு ஒழுகுகிறது. சிஸ்டர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் கழித்துத்தான் உள்ளே விடுவார்களாம். பால் மட்டும் கொடுக்கலாம், ஒன்றும் ஆகாது என்றார். இவரும் என்னோடு ஒட்டக் கூடாது, இவருக்கும் வந்துவிட்டால் பாப்பாவிடம் போக ஆளில்லை. இவர் ஆஸ்பத்திரிக் கூடத்தில் படுத்துக்கொள்வார். பாட்டிலை அறை வாசலில் வைத்தால் எடுத்துக்கொண்டு போவார்.

மறுபடியும் நான் கட்டிலில். மறுபடியும் இவர் வாயால்தான் எடை.

ஆகஸ்ட் 25, திங்கள்

எட்டரைக்குப் போன். 1.225?

கேள்விக்குறி போட்டுவிட்டேன். ஐந்தில்தான் முடிகிறது. ஆனால் இனி அது எதற்கு உதவும்? கடைசி இலக்கத்தை வைத்து எப்படிக் கண்டுபிடித்தேன் என்று நான்தானே மாடிப்படியில் நின்று சொல்லிக்கொடுத்தேன். திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதை. இனி இவர் பொய் சொன்னால் சுத்தமாகச் சொல்வார், சுழியமும் ஐந்துமாக. எனக்குத் தெரியவே தெரியாது.

திருடன் என்று எழுதியிருக்கக் கூடாது. அந்தச் சொல்லைக் கோடு போட்டு அடிக்கவும் மனசில்லை.

பால் நாற்பது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

1.235?

இவர் போன் வருவதற்கு முன்பே சிஸ்டரிடமிருந்து போன் வந்தது. பாப்பாவுக்கு வயிறு உப்பியிருக்கிறது, இன்றைக்குப் பால் வேண்டாம், குளுக்கோஸ் ஏறுகிறது, பயப்படாதீர்கள் என்றார். வைத்த உடனே இவர் கூப்பிட்டார். எடையைச் சொன்னார். வயிற்றைப் பற்றிச் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன். சிஸ்டர் சொல்லிருப்பாங்கன்னு நெனச்சேன் என்றார்.

பால் போகாத குழந்தை பத்து கிராம் ஏறுமா? குளுக்கோஸ் தண்ணீர் ஏறினால் ஏறலாம். ஏறாமலும் இருக்கலாம். வார்டு நம்பர் என்னிடம் இருக்கிறது. ரெஜினா சிஸ்டரைக் கூப்பிட்டு அட்டையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் இருந்தேன்.

கூப்பிடவில்லை. இன்றைக்குக் கூப்பிட்டு இவர் சொன்னது பொய் என்று தெரிந்தால், பிறகு வீட்டில் எதைத்தான் நம்புவேன்? நிஜம் என்று தெரிந்தாலும், நாளைக்கும் கூப்பிட வேண்டும். அதற்கு மறுநாளும்.

பால் இருபது. எவ்வளவு நேரம் எடுத்தாலும் இருபதுதான். கொட்டாமல் பிரிட்ஜில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 27, புதன்

1.245? காய்ச்சல் விட்டுவிட்டது. வயிற்று உப்புசம் குறைகிறதாம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஐந்து மில்லி கொடுத்துப் பார்க்கிறார்களாம். இவர் சொன்னது.

பால் பதினைந்து. மார்பு கல் மாதிரி இருக்கிறது, ஆனால் இறங்க மாட்டேன் என்கிறது. மனசு பயந்தால் பால் கட்டிக்கொள்ளும் என்று கோபி ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லியிருந்தாள். இவர் அதற்குத்தான் பயந்தார். அன்றைக்கு எட்டு நாளும் பொய் எண்ணைக் கேட்டுக்கொண்டு நான்கிலிருந்து நாற்பத்தைந்துக்கு ஏறினேன். இப்போது இவர் சொல்வது நிஜமாகவே இருக்கலாம், நம்ப முடியாமல் இறங்கிக்கொண்டிருக்கிறேன். பாப்பாவுக்குப் பசி எடுக்கும்போது என்னிடம் பால் இருக்காது. அதை நினைத்தால் இன்னும் இறங்காது.

இவருக்கு ஒரு செய்தி எழுதினேன்: எவ்வளவாக இருந்தாலும் சொல்லுங்கள், எனக்குத் தாங்கும். அனுப்பவில்லை. கெஞ்சிக் கேட்டு வாங்குகிற உண்மையும் எனக்கு வேண்டாம்.

ஆகஸ்ட் 28, வியாழன்

எட்டரைக்குப் போன் வரவில்லை. எட்டே முக்காலுக்கும் வரவில்லை. நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. ஒன்பது ஆயிற்று. சந்தின் முனையில் நின்றால் ஆஸ்பத்திரி மாடிப்படி தெரியும் என்று செருப்பில் ஒரு காலை நுழைத்தேன். அப்போதுதான் போன் அடித்தது. ஒன்பதே கால்.

சாப்பிட்டாயா என்றார். எடை என்ன என்றேன். பின்னால் யாரோ குழந்தையின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், மருந்து வண்டி உருள்கிறது.

"ஒண்ணு புள்ளி ரெண்டு நாலு சைபர்" என்றார். குரல் உடைந்திருந்தது. "அஞ்சு கிராம் கொறஞ்சு போச்சு புள்ள. மூணு தடவ போடச் சொன்னேன். கொறஞ்சுதான் இருக்குது."

நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஒற்றைச் செருப்போடு.

ஐந்து கிராம். அந்தத் தராசின் ஒரே ஒரு படி. பாப்பா ஒரு தடவை ஒன்றுக்குப் போனால் அவ்வளவு குறையும். போகாவிட்டாலும், எடை அந்தப் படியின் விளிம்பில் நின்றால் தராசு காலையில் ஒன்று சொல்லும், மத்தியானம் ஒன்று சொல்லும். என் கம்பெனியில் யாராவது இதைக் குறைந்தது என்று எழுதிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். இந்த ஐந்து கிராமை எப்படிச் சொல்வது என்று முக்கால் மணி நேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார். நேற்றைய எண்ணையே சொல்லியிருக்கலாம். ஐந்து கூட்டிச் சொல்லியிருக்கலாம். கடைசி இலக்கம் சுத்தமாகப் பொருந்தியிருக்கும், நான் சாகும்வரை கண்டுபிடித்திருக்க மாட்டேன். ஒருவர் என்னைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்கிறார் என்றால் ஏற்றித்தான் சொல்வார். குறைத்துச் சொல்ல மாட்டார்.

சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. இவர் நான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அழாத புள்ள, வயிறு நல்லா எறங்கியிருச்சு, மத்தியானத்துல இருந்து பழையபடி முழுப் பால் குடுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு, சிஸ்டர் நாளான்னிக்கு உன்னை உள்ள வரச் சொன்னாங்க என்று ஒரே மூச்சில் சொன்னார். நான் அழுதுகொண்டும்தான் இருந்தேன்.

"மாமா, அஞ்சு கிராம் கொறஞ்சது கணக்கே இல்லீங்க. தராசுக்கே அதுக்கு மேல தெரியாது" என்றேன்.

"அப்ப சொல்லியிருக்க வேண்டாமா?"

"சொல்லோணும். தெனமும் சொல்லோணும்."

சரி என்றார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஜலதோஷம் உனக்கா எனக்கா என்றேன். போனை வைத்துவிட்டார்.

வைத்த கொஞ்ச நேரத்தில் ஜாக்கெட் நனைந்துவிட்டது. பாட்டிலை எடுப்பதற்குள் பாதி வீணாகப் போனது. மிச்சத்தைப் பிடித்தேன், ஐம்பதுக் கோட்டைத் தாண்டி நின்றது. வாசலில் வைத்துக் கதவைச் சாத்தினேன். படியேறி வந்து எடுத்துக்கொண்டு போனார். போகும்போது கதவை இரண்டு தட்டுத் தட்டினார்.

25, 26, 27 மூன்றுக்கும் போட்டிருந்த கேள்விக்குறிகளை அடித்தேன். இன்றைய எடையை எழுதுகிறேன்.

1.240. இவர் சொன்னது.